தவளைக்குப் பட்டுக் கால்சட்டை தைத்த பாதிரியார்

மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் கால்நடை மருந்தகத்துக்குப் போன் போகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கமானாலும் சரி, தேனிப் பக்கத்து மலையடிவார ஊரானாலும் சரி, நடப்பது ஒன்றுதான். திரவ நைட்ரஜன் கலனிலிருந்து மெல்லிய குச்சி ஒன்று வெளியே வருகிறது. கால் மில்லி மட்டுமே கொள்ளும் அந்தக் குச்சிக்குள் இருப்பது, எங்கோ ஒரு பொலிகாளைப் பண்ணையில் நின்ற காளையின் விந்து. மாடு அந்தக் காளையைப் பார்த்ததில்லை. காளையும் மாட்டைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்பது மாதம் கழித்துக் கன்று பிறக்கிறது.

சினை ஊசி என்று நாம் சொல்லும் இந்த வேலை நடக்கக்கூடியதுதான் என்று முதலில் செய்து காட்டியவர் கால்நடை மருத்துவர் அல்லர். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெயர் லாசரோ ஸ்பல்லன்சானி. ஆண் விலங்கின் விந்தில் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஊகத்தை விட்டுச் சோதனையால் கேட்டவர் அவர். அவர் வாழ்க்கையில் மாடு வளர்ப்போருக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அவர் கண்டுபிடித்தது. இன்னொன்று, கையில் கிடைத்தும் அவர் காணத் தவறியது.

சட்டம் படிக்கப் போனவர்

வட இத்தாலியில் ஸ்கான்டியானோ என்ற சிற்றூரில் 1729 ஜனவரியில் ஸ்பல்லன்சானி பிறந்தார். அப்பா வழக்கறிஞர். மகனும் அதே தொழிலுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. 15 வயதில் ரெஜ்ஜோ நகரில் ஜேசு சபையார் நடத்திய கல்லூரியில் சேர்ந்த ஸ்பல்லன்சானி, பிறகு சட்டம் படிக்க போலோன்யா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் அவர் வழி மாறியது.

போலோன்யாவில் அப்போது இயற்பியல் கற்பித்தவர் லாரா பாஸ்ஸி. பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமே இல்லாதிருந்த காலத்தில் பேராசிரியராக உயர்ந்தவர். ஸ்பல்லன்சானிக்கு உறவினரும்கூட. அவரிடம் பாடம் கேட்டபின் சட்டப் புத்தகங்கள் கசந்துபோயின. இயற்கையை ஆராய்வதே தன் தொழில் என்று ஸ்பல்லன்சானி முடிவு செய்தார். அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்தார்.

பிறகு பாதிரியாராகப் பட்டம் பெற்றார். ஆனால் காலமெல்லாம் அவர் பார்த்தது ஆசிரியர் வேலைதான். முதலில் ரெஜ்ஜோ, அடுத்து மோதெனா, 1769 முதல் இறுதிவரை பவியா பல்கலைக்கழகம்.

எதையும் செய்து பார்க்காமல் நம்பாத மனிதர் அவர். கெட்டுப்போன கஞ்சியில் நுண்ணுயிர்கள் தாமாகவே உண்டாகின்றன என்று அந்தக் காலத்து அறிஞர்கள் பலர் சொன்னார்கள். ஸ்பல்லன்சானி கஞ்சியைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வாயை உருக்கி அடைத்து, நெடுநேரம் கொதிக்கவைத்தார். நாட்கள் போயும் அதில் ஓர் உயிரும் தோன்றவில்லை. உணவு எப்படிச் செரிக்கிறது என்று அறிய, சின்னத் துணிப்பைகளிலும் மரக்குழாய்களிலும் உணவை அடைத்துத் தானே விழுங்கினார். இப்படிப்பட்டவர்தான் கரு எப்படி உண்டாகிறது என்ற கேள்வியைக் கையில் எடுத்தார்.

முட்டைக் கட்சியும் புழுக் கட்சியும்

விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. உழவர் வாயில் இயல்பாக வரும் உவமைதான். ஆனால் அதன்படி பார்த்தால் கன்று முழுக்கக் காளையுடையது; பசு அதைச் சுமப்பதோடு சரி. ஐரோப்பாவிலும் அப்போது கிட்டத்தட்ட இப்படி எண்ணிய ஒரு கட்சி இருந்தது.

1677-இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், தானே செய்த உருப்பெருக்கி வழியாக விந்தைப் பார்த்தார். வாலை ஆட்டியபடி நீந்தும் எண்ணற்ற சிறு உயிர்கள் தெரிந்தன. அந்தப் புழுவுக்குள்தான் முழுக்குட்டியும் அடங்கியிருக்கிறது என்றது ஒரு கட்சி. எதிர்க்கட்சியோ, குட்டி முழுசாகத் தாயின் முட்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, விந்து அதைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவே என்றது. விந்தில் நெளியும் புழுக்கள் வெறும் ஒட்டுண்ணிகள் என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். ஸ்பல்லன்சானி இந்த முட்டைக் கட்சியைச் சேர்ந்தவர். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

பட்டுத்துணி சொன்ன பதில்

விந்து முட்டையைத் தொடவே வேண்டாம், அதிலிருந்து எழும் ஆவி பட்டாலே போதும் என்று அறிஞர் சிலர் நம்பினார்கள். இதைச் சோதிக்க ஸ்பல்லன்சானி தேர்ந்தெடுத்தது தவளை. ஆண் தவளை பெண்ணின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். பெண் முட்டைகளை வெளியே விட விட, ஆண் அவற்றின் மேல் விந்தைப் பாய்ச்சும். எல்லாமே உடலுக்கு வெளியே நடப்பதால் கண்ணால் பார்க்கலாம்.

அவர் செய்த வேலையைக் கேட்டால் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் சிரிப்பார்கள். மெழுகு தடவிய மெல்லிய பட்டுத்துணியை வெட்டி, ஆண் தவளைகளுக்கு இறுக்கமான கால்சட்டை தைத்துப் போட்டார். அவருக்கு முன்பே பிரான்சில் ரெயோமூர் என்ற அறிஞர் இதை முயன்று பார்த்துப் பலன் காணாமல் விட்டிருந்தார். ஸ்பல்லன்சானி விடவில்லை.

கால்சட்டை போட்ட தவளைகளும் வழக்கம்போலப் பெண்ணைப் பற்றிக்கொண்டன. முட்டைகள் வந்தன. ஆனால் ஒன்றுகூடத் தலைப்பிரட்டையாகவில்லை, எல்லாம் அழுகிப்போயின. கால்சட்டை இல்லாத தவளைகள் பற்றிய முட்டைகள் பொரித்தன. பிறகு கால்சட்டைக்குள் தங்கியிருந்த துளிகளை எடுத்து, வேறு முட்டைகள் மேல் தடவினார். அவை பொரித்தன. வேறொரு சோதனையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விந்தை வைத்து, முட்டைகள் ஒட்டிய இன்னொரு கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்தார். ஆவி பட்டது, கரு உண்டாகவில்லை. விந்து முட்டையைத் தொட்டே ஆகவேண்டும் என்பது உறுதியானது.

இன்னொன்றையும் கவனித்தார். விந்தை நிறையத் தண்ணீரில் கலந்து நீர்க்கச் செய்தாலும் அது முட்டைகளைக் கருவாக்கியது. ஒரு காளையின் விந்தைப் பல நூறு மாடுகளுக்குப் பங்கிடும் இன்றைய முறையின் வேர் இதில்தான் இருக்கிறது.

வடிகட்டியில் தங்கிய விடை

விந்தில் எந்தப் பகுதி வேலை செய்கிறது? அதை அறிய விந்தைத் துணியிலும் பஞ்சிலும் மைஒற்றும் தாளிலும் வடிகட்டினார். தாள்களை அடுக்க அடுக்க, கீழே இறங்கிய திரவத்தின் சக்தி குறைந்துகொண்டே வந்து கடைசியில் இல்லாமலே போனது. மேலே தாளில் தங்கியதைத் தண்ணீரில் அலசி முட்டையில் தடவினால் கரு உண்டானது.

இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: தாளில் தங்கியவை விந்தணுக்கள், அவைதான் கருவாக்குகின்றன என்று. ஸ்பல்லன்சானி அதைச் சொல்லவில்லை. குட்டி முழுசாக முட்டைக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர் கண்ணை மறைத்தது. புழுக்கள் இல்லை என்று அவர் நினைத்த விந்தும் சில முறை முட்டைகளைக் கருவாக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, புழுக்களுக்கு இதில் பங்கில்லை என்று எழுதிவிட்டார். விடை தாள் மேல் ஈரமாக இருந்தது. அதைக் கருவிக்கடியில் பார்த்திருந்தும், உரிய பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

காளையின் உடலுக்குள் நடப்பது

அந்தத் தாளில் தங்கியதும் வடிந்ததும் உடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை. விந்தணு உண்டாகும் இடம் விரை. அதற்குள் நூலைச் சுற்றி அடைத்ததுபோல நுண்குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்ச் சுவரில்தான் விந்தணுக்கள் பிறக்கின்றன. காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 60 நாட்கள் பிடிக்கும். பிறகு விரையை ஒட்டியிருக்கும் சுருண்ட நீண்ட குழாயில் ஒரு வாரத்துக்கு மேல் பயணம் செய்யும்போதுதான் நீந்தும் திறனையும் கருவாக்கும் திறனையும் அது பெறுகிறது.

விந்து வெளியேறும் நேரத்தில் விந்துப்பை, புராஸ்டேட், கூப்பர் சுரப்பி ஆகியவை தங்கள் திரவத்தைச் சேர்க்கின்றன. வாகனத்துக்கு டீசல்போல, நீந்தும் விந்தணுவுக்குச் சக்தி தரும் சர்க்கரை இந்தத் திரவத்தில் இருக்கிறது. ஸ்பல்லன்சானியின் தாளில் கீழே வடிந்தது இதுதான். மேலே தங்கியது விரையில் பிறந்தது.

விரை ஏன் உடலுக்கு வெளியே தொங்குகிறது? விந்தணு உண்டாக, உடல் வெப்பத்தைவிட நான்கைந்து டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பம் வேண்டும். குளிரில் விரைப்பை சுருங்கி உடலை ஒட்டிக்கொள்ளும். வெயிலில் தளர்ந்து இறங்கும். விரைக்குப் போகும் ரத்தமும் வழியிலேயே குளிர்ந்து போகும்படி ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. இந்த ஏற்பாடு கெட்டால் விந்து கெடும். கடுங்காய்ச்சல் வந்த காளையும், கோடையில் நிழலின்றிக் கட்டப்பட்ட கிடாவும் பார்வைக்குத் தேறிவிடும். ஆனால் அந்த நாட்களில் பழுதான விந்தணுக்கள் வெளியேறிப் புதியவை வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை அது ஏறிய ஆடு மாடுகள் சினை பிடிக்காமல் போகலாம். பழி பெட்டைமேல் விழும்.

மூன்று நாய்க்குட்டிகள்

தவளையில் முடிந்தது பாலூட்டியில் முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஸ்பல்லன்சானி ஒரு பெண் நாயைத் தனி அறையில் அடைத்து, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எந்த ஆண் நாயும் நெருங்க வழியில்லை. நாய் பருவத்துக்கு வந்ததும், ஆண் நாயிடமிருந்து எடுத்த விந்தை, நாயின் உடல் சூட்டுக்கு இதமாகச் சூடாக்கிய பீச்சாங்குழலால் கருப்பைக்குள் செலுத்தினார். 62-ஆம் நாள் மூன்று குட்டிகள் பிறந்தன. இரண்டு ஆண், ஒன்று பெண். குட்டிகளின் சாயலில் தாய் மட்டுமல்ல, விந்து கொடுத்த நாயும் தெரிந்தது.

1780-இல் இந்தச் செய்தி அச்சில் வந்தது. பாலூட்டிகளில் எழுத்தில் பதிவான முதல் செயற்கைக் கருவூட்டல் இதுதான். தன் வாழ்வில் இதைவிடப் பெரிய மகிழ்ச்சி அடைந்ததில்லை என்று அவர் எழுதிவைத்தார். குட்டி தந்தையின் சாயலிலும் இருந்ததே, அப்படியானால் அது தாயின் முட்டைக்குள் முன்பே எப்படி முழுசாக இருந்திருக்கும் என்ற கேள்வி அவர் கண்முன் நின்றது. அப்போதும் கட்சியை அவர் விடவில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1776-இல், இன்னொரு செய்தியையும் எழுதியிருந்தார். பனியில் குளிரவைத்த குதிரை விந்தில் விந்தணுக்கள் அசையாமல் நின்றுவிட்டன. அவை செத்துவிடவில்லை, சூடு கண்டதும் மீண்டும் நீந்தத் தொடங்கின. குளிர் உயிரைக் கொல்லாமல் நிறுத்திவைக்கும் என்ற உண்மை அதில் இருந்தது. இன்றைய உறைவிந்துக் கலனுக்கு அதுதான் மூதாதை.

கடைசி ஆண்டுகள்

புகழோடு பொறாமையும் வந்தது. 1785-இல் ஸ்பல்லன்சானி துருக்கியின் கான்ஸ்டான்டினோபிளுக்குப் பயணம் போனார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பல்கலைக்கழக அருங்காட்சியகப் பொருட்களைத் திருடிவிட்டார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் புகார் எழுப்பினார்கள். விசாரணை நடந்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி மறுபடியும் வகுப்புக்குத் திரும்பினார்.

அறுபது வயதை நெருங்கும்போதும் எரிமலைகளில் ஏறிக் கல் பொறுக்கினார். 1793 முதல் வௌவால்களை ஆராய்ந்தார். கண்ணை மறைத்தாலும் இருட்டில் இடிக்காமல் பறக்கும் வௌவால், காதை அடைத்தால் தடுமாறுவதைப் பார்த்து வியந்தார். இருட்டில் அதற்கு வழிகாட்டுவது காதுதான் என்று அவர் கண்டதை அறிவியல் உலகம் உணர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1799 பிப்ரவரியில், 70 வயதில், பவியாவில் காலமானார். சிறுநீர்ப்பை நோய் அவர் உயிரைக் குடித்தது. அந்தச் சிறுநீர்ப்பையைப் பவியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உடல்களை ஆராய்ந்தே வாழ்ந்தவரின் உடலும் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவருக்குப் பிறகு

அவர் விட்ட இடத்திலிருந்து 1824-இல் பிரெவோ, துமா என்ற இருவர் தொடங்கினார்கள். அதே வடிகட்டும் சோதனையைத் திரும்பச் செய்து, கருவாக்குவது விந்தணுவே என்று சொன்னார்கள். 1876-இல் ஜெர்மனியின் ஆஸ்கார் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்று சேர்வதைக் கருவியின் வழியே கண்டார். முட்டைக் கட்சியும் புழுக் கட்சியும் ஒரே நாளில் தோற்றன. கன்றில் பாதி காளையுடையது, பாதி பசுவுடையது. கிடாரியா காளையா என்பதை முடிவு செய்வது மட்டும் விந்தணுவின் வேலை. கிடாரிக் கன்றே அதிகம் பிறக்கும்படி இன்று பிரித்துத் தரப்படும் உறைவிந்து, இந்த அறிவின் பயன்தான். மாட்டில் மட்டுமல்ல, மனிதரிலும் குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால்தான் அமைகிறது. மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் அறிய வேண்டிய செய்தி இது.

ரஷ்யாவில் இவானோவ் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குதிரை, மாடு, ஆடுகளில் செயற்கைக் கருவூட்டலைப் பண்ணை வேலையாக மாற்றினார். இந்தியாவில் முதல் முறையாக 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் இதைச் செய்தார். 1949-இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள், கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைநிலையிலும் சாகாது என்று கண்டறிந்தார்கள். இன்று மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனுக்குள் ஆண்டுக்கணக்கில் அது உறங்குகிறது. சென்னையை அடுத்த அலமாதியிலும் உதகையிலும் இப்படிக் குச்சிகள் தயாராகின்றன.

காளையின் விந்தில் ஒரு மில்லிக்குச் சுமார் 100 கோடி விந்தணுக்கள் இருக்கும். ஒரு குச்சியில் வைப்பது சுமார் 2 கோடி. ஒரு முறை எடுக்கும் 5 மில்லி விந்திலிருந்து 250 குச்சிகள் தேறும்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

மாடு சினை பிடிக்கவில்லை என்றால் முதலில் மாட்டைக் குறை சொல்வது நம் வழக்கம். இரண்டு மூன்று ஊசி தவறினால் சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். நல்ல கறவை ஒன்று அடிமாடாகப் போய்விடுகிறது. கன்றில் பாதி ஆணுடையது என்றால் பிழையிலும் ஆண் பக்கத்துக்குப் பங்கு உண்டு. மாட்டைக் கைவிடும் முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

உறைந்த விந்தணு உறங்கும் உயிர். குச்சியை வெளியே எடுத்ததும் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். கைச்சூட்டிலோ சட்டைப் பையிலோ உருக்கக் கூடாது. உருக்கிய குச்சியை வெயிலில் வைக்காமல் உடனே செலுத்த வேண்டும். வெந்நீர் வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள்.

நேரம் முக்கியம். மாட்டுக்குள் விந்தணு ஏறத்தாழ ஒரு நாள்தான் தாக்குப்பிடிக்கும். கருமுட்டையின் ஆயுளோ அதிலும் குறைவு. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போடுவது பொருத்தம். கண்ணாடிபோல் தெளிவாக வழும்பு ஒழுக வேண்டும். அதில் சீழ் கலந்திருந்தால் ஊசி வேண்டாம், முதலில் சிகிச்சை. ஊசி போட்ட தேதியை எழுதிவைத்து 21-ஆம் நாளை ஒட்டி மாட்டைக் கவனியுங்கள்.

இரண்டு மூன்று முறை தவறினால் கால்நடை மருத்துவரிடம் மாட்டைக் காட்டுங்கள். தாது உப்புக் குறைவு, கருப்பைப் புண் போன்றவை தீர்க்கக்கூடியவை. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களிலும் ஆலோசனை கேட்கலாம்.

ஆடு வளர்ப்போர் பொலிகிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது விரைகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்த அளவில், உறுதியாக, வீக்கமின்றி இருக்க வேண்டும். ஒற்றை விரை மட்டும் இறங்கிய கிடாவை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். தன் குட்டிகளோடே அது சேராமலிருக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். கோடையில் பெட்டைக்குத் தரும் நிழலையும் தண்ணீரையும் கிடாவுக்கும் கொடுங்கள்.

ஸ்பல்லன்சானியின் கண்ணை மறைத்தது கருவியின் குறையல்ல, முன்பே எடுத்துவைத்த முடிவு. மாடுதான் மலடு என்ற முடிவை எடுக்கும் முன், குச்சி உருகிய விதம், ஊசி போட்ட நேரம், கிடாவின் உடல்நிலை இவற்றை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பல வீடுகளில் ஒரு கறவை மாடு அதனால் தொழுவத்திலேயே தங்கும்.